‘மனசைக் கல்லாக்கிக்கோ’ என்று இனிச் சொல்ல மாட்டேன்

இந்த ஆண்டு அவசர சிகிச்சைப் பிரிவுகளிலும் ஐ.சி.யூ.க்களிலும் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும்,

31 வருடம் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதில் பாதிக்கு மேல் கேஷுவாலிட்டியில் கழிந்தது. என்னிடம் வேலை பழக வந்த பிள்ளைகளுக்கு ஒரே அறிவுரையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்: “மனசைக் கல்லாக்கிக்கோம்மா. இல்லாட்டி இங்கே ஒரு மாசம் தாங்க மாட்டே.” எனக்கு என் மூத்த சிஸ்டர் சொன்னது அது. அவர்களுக்கு யார் சொன்னார்களோ. அந்த அறிவுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

ஓர் இரவைச் சொல்கிறேன். மணி மூன்று இருக்கும். பைக்கிலிருந்து விழுந்த பையனைக் கொண்டுவந்தார்கள். பத்தொன்பது வயது. நாற்பது நிமிடம் போராடினோம், போய்விட்டான். நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன ஒரு பெண். ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் அவனுடைய ஒரு கால் செருப்பு மட்டும் கிடந்தது. அதை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் நேராக வைத்துவிட்டு நிமிர்ந்தாள். உதடு துடித்தது. வாசலில் அந்தப் பையனின் அம்மா போட்ட சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. நான் வழக்கமான வார்த்தையைச் சொன்னேன். அவள் தலையாட்டினாள், முகத்தைத் துடைத்துக்கொண்டாள், அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அரை மணி கழித்து இன்சுலின் சிரிஞ்சும் கையுமாக என் முன்னால் வந்து நின்றாள். “சிஸ்டர், டாக்டர் எத்தனை யூனிட்னு சொன்னார்?” சொல்லி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. “கவனம் எங்கே இருக்கு உனக்கு?” என்று கத்தினேன். அவள் மெதுவாகச் சொன்னாள்: “அழாம இருக்கறதுலயே இருந்துச்சு சிஸ்டர்.”

அந்தப் பதில் எவ்வளவு துல்லியமானது என்பது பல வருடம் கழித்து, மூளையைப் பற்றிய ஆய்வுகளைப் படிக்க உட்கார்ந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

ஜேம்ஸ் கிராஸ் என்ற உளவியலாளர் 1998-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 120 பேருக்கு ஒரு குறும்படம் போட்டுக் காட்டினார்கள். ஒரு கையை வெட்டி அகற்றும் அறுவை சிகிச்சை. நமக்குப் பழகிய காட்சி, அவர்களுக்குக் குடலைப் புரட்டும். ஒரு குழுவிடம் சும்மா பாருங்கள் என்றார்கள். இன்னொரு குழுவிடம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாதபடி முகத்தில் எதையும் காட்டாமல் பாருங்கள் என்றார்கள். மூன்றாவது குழுவிடம், இதில் என்ன செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள் என்று தொழில் கற்றுக்கொள்பவர் கண்ணோடு பாருங்கள் என்றார்கள். முகத்தை அடக்கியவர்களுக்கு முகம் அடங்கியது. உள்ளே அருவருப்பு ஒரு துளியும் குறையவில்லை. உடம்போ, சும்மா பார்த்தவர்களின் உடம்பைவிட அதிகமாக முறுக்கேறியது, விரல்களின் ரத்தக் குழாய்கள் இறுகின. பார்க்கும் விதத்தை மாற்றிக்கொண்டவர்களுக்குத்தான் உள்ளேயும் அருவருப்பு தணிந்தது.

அடுத்து, 2000-இல் ஜேன் ரிச்சர்ட்ஸ் என்பவரும் கிராஸும் சேர்ந்து செய்தது நம் கதையேதான். அடிபட்ட ஆட்களின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, அவர் பெயர், தொழில், எப்படி அடிபட்டார் என்ற விவரங்களைச் சொன்னார்கள். உணர்ச்சியை வெளியே காட்டாமல் அடக்கிக்கொண்டு பார்த்தவர்களுக்கு, காதில் விழுந்த விவரங்கள் குறைவாகவே நினைவில் நின்றன. பார்வையை மாற்றிக்கொண்டவர்களுக்கு இந்த நஷ்டம் இல்லை.

அந்தப் பெண்ணுக்கு இன்சுலின் அளவு ஏன் நினைவில் நிற்கவில்லை என்று தெரிகிறதல்லவா? கல்லாக நிற்பதும் ஒரு வேலை. மூளை அந்த வேலையைப் பார்த்துக்கொண்டே, டாக்டர் வாயால் சொல்லும் எண்ணையும் பிடித்துவைக்க வேண்டும். நான் அவளுக்கு உதவுவதாக நினைத்து, ஏற்கெனவே சுமையோடு நின்றவள் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றினேன்.

பொங்கி வந்த பாலைத் தட்டு போட்டு அமுக்குவது ஒன்று. பொங்குவதற்கு முன் அடுப்பைத் தணிப்பது வேறு. நாங்கள் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் தட்டு போடும் வித்தைதான்.

அடுப்பு எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். காதுக்கு உள்புறமாக, மூளையின் அடியில் இரண்டு பக்கமும் வாதுமைப் பருப்பு அளவில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. ஜோசப் லெடூ எலிகளை வைத்துக் காட்டியது இது: ஆபத்தின் சத்தம் அமிக்டலாவை இரண்டு வழியாக எட்டுகிறது. ஒன்று குறுக்குச் சந்து, வேகமானது, விவரம் இல்லாதது. இன்னொன்று மூளையின் மேற்பரப்பு வழியாகச் சுற்றி வரும் மெயின் ரோடு. மானிட்டர் அலாரம் அடித்ததும், எந்தக் கட்டில் என்று தெரியும் முன்பே உங்கள் வயிறு சுருங்குகிறதே, அது சந்து வழி வந்த செய்தி. அமிக்டலாவை ‘பயத்தின் மையம்’ என்று எழுதுவதை லெடூவே பின்னாளில் மறுத்தார். அது உடம்பைத் தயார்ப்படுத்துகிறது. பயம் என்று நாம் அனுபவிப்பது அதைவிடப் பெரிய வலையில் உருவாகிறது.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி நிதானத்துக்கானது. எண்ணை நினைவில் வைப்பது, அடுத்த காரியத்தை வரிசைப்படுத்துவது, வாய் வரை வந்த சொல்லை நிறுத்துவது எல்லாம் அங்கேதான். யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார். அவர் சொல்வதை ஒரு நர்ஸுக்கு விளக்குவது சுலபம், ஏனென்றால் மருந்து நமக்குத் தெரிந்த மருந்து. பிரஷர் இறங்கினால் சிரிஞ்ச் பம்ப்பில் ஏற்றுகிறோமே, அதே நோர் அட்ரினலின். மூளைத் தண்டில் உள்ள ஒரு சின்ன அணுத்திரள் அதை மூளைக்குள்ளேயே பரப்புகிறது. அளவாக வரும்போது அந்த நெற்றிப் பகுதி கூர்மையாகிறது. இரவு மூன்று மணிக்கும் நாம் விழிப்போடு வேலை பார்ப்பது அதனால்தான். அளவு மீறினால் வேறு ஏற்பிகளில் போய் ஒட்டி, அந்தப் பகுதியின் இணைப்புகளைத் தற்காலிகமாகத் தளர்த்திவிடுகிறது. அப்போது பழக்கமும் அனிச்சையும்தான் மிஞ்சும். நூறு முறை செய்த சி.பி.ஆர். கைக்கு வரும், புதிதாகக் கேட்ட எண் வராது. கை கால் ஓடவில்லை என்கிறோமே, அதற்குக் காரணம் உங்கள் குணம் இல்லை. டோஸ் கூடிவிட்டது, அவ்வளவுதான்.

சரி, அந்த நிமிடத்தில் என்ன செய்வது?

முதலாவது, பெயர் சொல்லுங்கள். மேத்யூ லீபர்மேனும் அவர் குழுவினரும் கலிஃபோர்னியாவில் 30 பேரை ஸ்கேனரில் படுக்கவைத்து, கோபமும் பயமும் தெரியும் முகங்களைக் காட்டினார்கள். ஆய்வு வெளியானது 2007-இல். அந்த உணர்ச்சிக்கு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்துப் பொருத்தியபோது அமிக்டலாவின் செயல்பாடு குறைந்தது, நெற்றிப் பகுதியின் வலப்பக்கத்தில் ஓரிடத்தில் செயல்பாடு கூடியது. 30 பேர் சிறிய எண்ணிக்கைதான். ஒரு ஆய்வை வைத்துக்கொண்டு உலகத்தையே அளக்கக் கூடாது. ஆனால் வார்டில் இதை நானே செய்து பார்த்திருக்கிறேன், பலரைச் செய்யச் சொல்லியும் இருக்கிறேன்.

நமக்கு ஒரு சிக்கல் உண்டு. எல்லாவற்றுக்கும் “டென்ஷனா இருக்கு” என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை ஒளிந்திருக்கின்றன பாருங்கள். காப்பாற்ற முடியவில்லையே என்பது ஆற்றாமை. இன்னும் ஐந்து நிமிடம் முன்னால் கவனித்திருந்தால் என்பது குற்ற உணர்ச்சி. கூட வந்தவர் எல்லார் முன்னிலையிலும் ஒருமையில் பேசினால் வருவது அவமானம். பத்துக் கட்டிலுக்கு ஒருத்தியாக நிற்கும்போது வருவது எரிச்சல், சில நேரம் நியாயமான கோபம். வீட்டில் காய்ச்சலோடு விட்டுவந்த குழந்தையை நினைத்து வருவது பரிதவிப்பு. இவை ஒவ்வொன்றும் வேறு. ஆற்றாமைக்குத் தேவைப்படும் மருந்து எரிச்சலுக்கு உதவாது. நம் பாட்டிகள் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். அடிவயிறு கலங்குது, நெஞ்சை அடைக்குது, ஈரக்குலை நடுங்குது என்று உடம்பின் இடத்தோடு சேர்த்தே சொல்வார்கள். டியூட்டி ரூமில் தண்ணீர் குடிக்கும் அரை நிமிடத்தில் மனதுக்குள் சொல்லிப் பாருங்கள்: “எனக்கு இப்போ வந்திருக்கறது ஆற்றாமை.” சரியான சொல் கிடைத்ததும் தோள் ஒரு விரற்கடை கீழே இறங்கும்.

இரண்டாவது, மூச்சை வெளியே விடுங்கள். மூச்சுப் பயிற்சி என்றாலே பலர் ஆழமாக இழுப்பதைச் சொல்கிறார்கள். வேலை செய்வது வெளிமூச்சு. இதற்குச் சாட்சி உங்கள் வார்டிலேயே இருக்கிறது. இதயத்தில் கோளாறு இல்லாத இளவயது நோயாளி அமைதியாகப் படுத்திருக்கும்போது மானிட்டரைக் கவனியுங்கள். மூச்சை இழுக்கையில் துடிப்பு கொஞ்சம் ஏறும், விடுகையில் இறங்கும். வேகஸ் நரம்பு இதயத்தின் பிரேக்கை ஒவ்வொரு வெளிமூச்சிலும் லேசாக மிதிக்கிறது. அந்த நரம்பை நீங்கள் வேறு விதத்திலும் பார்த்திருப்பீர்கள். சக்‌ஷன் குழாயை உள்ளே விட்டதும் சிலருக்குத் துடிப்பு சடாரென்று இறங்கி, அட்ரோபின் ஆம்பூலைத் தேடி ஓடுகிறோமே, அதுவும் வேகஸ்தான். ஆஸ்திரியாவில் ஓட்டோ லோவி 1921-இல் ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி, அதைச் சூழ்ந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளை இதயத்தில் விட்டார். இரண்டாவது இதயமும் மெதுவானது. நரம்புகள் வேதிப்பொருள் வழியாகப் பேசிக்கொள்கின்றன என்பதற்குக் கிடைத்த முதல் பெரிய ஆதாரம் அது. 1936-இல் நோபல் பரிசு. நம் க்ராஷ் கார்டில் இருக்கும் அட்ரோபின் தடுப்பது அந்தப் பொருளைத்தான்.

ஸ்டான்ஃபோர்டில் ஒரு குழு 2023-இல் வெளியிட்ட ஆய்வில், மூக்கால் ஒரு முறை இழுத்து, அதன் மேல் இன்னும் கொஞ்சம் இழுத்து, பிறகு வாயால் நீளமாக விடும் பெருமூச்சை ஒரு மாதம் தினமும் ஐந்து நிமிடம் செய்தவர்களுக்கு மனநிலையில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. நாம் இயல்பாக விடும் பெருமூச்சேதான் அது. பேஷண்ட் பக்கத்தில் பெருமூச்சு விடாதே என்று எங்களைத் திட்டுவார்கள். விடுங்கள் பிள்ளைகளே, கையைக் கழுவும்போது விடுங்கள். ஒரு நாளில் எத்தனை முறை கை கழுவுகிறோம்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். “உன் சொந்தத் தம்பியா நினைச்சுப் பாரு” என்று நோயாளியைக் காட்டிச் சொல்லிக் கொடுப்பார்கள். நல்ல எண்ணம்தான். டானியா சிங்கரும் ஓல்கா கிளிமெக்கியும் செய்த ஆய்வுகளைப் படித்த பிறகு எனக்கு அதில் தயக்கம் வந்துவிட்டது. பிறர் வலியை அப்படியே தனக்குள் வாங்கிக்கொள்ளப் பயிற்சி பெற்றவர்களுக்கு வேதனை கூடியது, மூளையில் வலியோடு தொடர்புடைய பகுதிகள் விழித்தன. பிறகு அதே ஆட்களுக்கு, ‘இவருக்கு நல்லது நடக்கட்டும், நான் என்ன செய்யலாம்’ என்ற பரிவில் பயிற்சி கொடுத்தபோது, அன்போடும் நிறைவோடும் தொடர்புடைய வேறு பகுதிகள் விழித்தன, வேதனையும் தணிந்தது. வலியை நாம் சுமப்பதால் நோயாளிக்கு ஒரு கிராம்கூடக் குறைவதில்லை. “இது என் தம்பியா இருந்தா” என்ற நினைப்பு வந்தால், “இவனுக்கு இப்போ என்ன வேணும்?” என்று கேளுங்கள். வாய் உலர்ந்திருக்கும், பஞ்சு நனைத்து வையுங்கள். கால் சில்லிட்டிருக்கும், போர்வையை இழுத்து விடுங்கள். பரிவுக்குக் கை வேலை கொடுத்தால் அது சோர்ந்து போவதில்லை.

தூக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஏறத்தாழ 35 மணி நேரம் தூங்காதவர்களை ஸ்கேனரில் வைத்துப் பயங்கரமான படங்களைக் காட்டியபோது, தூங்கியவர்களைவிட அவர்களுடைய அமிக்டலா 60 சதவீதம் அதிகமாகச் செயல்பட்டது என்று மேத்யூ வாக்கரின் குழு 2007-இல் கண்டது. நிதானப் பகுதியோடு அதற்கிருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது. நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போய், துணி துவைத்து, சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, மதியம் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு, மறுபடியும் நைட்டுக்கு வருகிறீர்கள். நாலாவது இரவில் ஒரு சின்னச் சொல்லுக்குக் கண்ணீர் முட்டினால் உங்களை நீங்களே பலவீனம் என்று திட்டிக்கொள்ளாதீர்கள். வீட்டு ஆட்களிடம் இந்தப் பத்தியை வாசித்துக் காட்டுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் நீங்கள் தனியாகச் செய்யக்கூடியவை. இனிச் சொல்வதை உங்கள் இன்சார்ஜ்களும் மேலே இருப்பவர்களும் சேர்ந்து படிக்க வேண்டும்.

1967-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மேனும் ஸ்டீவன் மையரும் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தப்பிக்க வழியே இல்லாமல் மின் அதிர்ச்சி வாங்கிய நாய்களில் பல, பிறகு தப்பிக்க வழி கிடைத்தபோதும் முயற்சியே செய்யாமல் படுத்துவிட்டன. கையாலாகாத்தனத்தை உயிர்கள் கற்றுக்கொள்கின்றன என்று எழுதினார்கள். அது உலகம் முழுக்கப் பாடப் புத்தகங்களில் ஏறிவிட்டது. மையர் பிறகு நரம்பியலுக்குப் போனார். பல வருடம் எலிகளின் மூளையை ஆராய்ந்தார். 2016-இல் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில், நாங்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டோம் என்று ஒப்புக்கொண்டார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகு இப்படி எழுதும் நேர்மைக்குக் கைகூப்பத் தோன்றுகிறது. இந்த மடலை எழுதும் தைரியமும் எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

அவர்கள் கண்டது இது. நீண்ட துன்பம் வந்தால் ஒடுங்கிப்போவது மூளையின் பிறவிக் குணம், அதை யாரும் கற்க வேண்டியதில்லை. கற்கப்படுவது மற்றது, ‘இது என் கையில் இருக்கிறது’ என்பது. இரண்டு எலிகளுக்கு ஒரே அளவு அதிர்ச்சி, ஒரே நேரம். ஒன்றிடம் அதை நிறுத்த ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது, மற்றதிடம் இல்லை. சக்கரம் இருந்த எலியின் முன்மூளை அந்தக் கட்டுப்பாட்டை உணர்ந்து, மூளைத் தண்டில் கிளம்பும் பதற்றத்தை அடக்குகிறது. ஒருமுறை அப்படிப் பழகிய எலிக்கு, பிறகு நிறுத்தவே முடியாத அதிர்ச்சி வந்தாலும் ஓரளவு பாதுகாப்பு இருக்கிறது. தடுப்பூசி போட்ட மாதிரி.

மனவலிமை, மனவலிமை என்று எத்தனையோ வகுப்பு நடத்துகிறார்கள். ஒரு வார்டில் நர்ஸின் கைக்கு எட்டும் சக்கரம் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? அடுத்த வார டியூட்டி என்ன என்று ஞாயிற்றுக்கிழமை இரவு வரை தெரியாது. கூட வந்த பத்துப் பேர் கையை ஓங்கிக்கொண்டு வந்தால் காவலரை அழைக்கும் அதிகாரம் யாரிடம் என்று தெரியாது. வாய்வழி ஆர்டரை, “திரும்பச் சொல்றேன் டாக்டர், சரியா?” என்று கேட்டால் சிலருக்குக் கோபம் வருகிறது. இவற்றை அப்படியே விட்டுவிட்டு, காலையில் பத்து நிமிடம் தியானம் செய்யுங்கள் என்று நர்ஸிடம் சொல்வது சரியில்லை. டியூட்டி பட்டியலை இரண்டு வாரம் முன்னால் ஒட்டுங்கள். ஒரு மரணத்துக்குப் பிறகு அந்த நர்ஸைப் பத்து நிமிடம் கட்டிலிலிருந்து விடுவிக்க ஒருவரை நியமியுங்கள். ஆர்டரைத் திரும்பச் சொல்வதை விதியாக்குங்கள்.

தங்கைகளே, தம்பிகளே, அதெல்லாம் வரும்வரை உங்களுக்கென்று ஒரு சிறு சக்கரம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது க்ராஷ் கார்ட். டியூட்டி ஏறியதும் அதைத் திறந்து, அட்ரினலின் எத்தனை, அட்ரோபின் எத்தனை, லாரிங்கோஸ்கோப் விளக்கு எரிகிறதா என்று என் கையாலேயே பார்த்துவிடுவேன். இரவு எதைக் கொண்டுவந்தாலும் அதன் ஐந்து தட்டும் எனக்குத் தெரியும். உடன் வேலை பார்ப்பவரின் கையையும் மறக்காதீர்கள். ஜேம்ஸ் கோன் என்பவரின் 2006-ஆம் ஆண்டு ஆய்வில், மின் அதிர்ச்சிக்குக் காத்திருந்த 16 பெண்களுக்குக் கணவரின் கையைப் பிடித்திருந்தபோது மூளையின் அபாய உணர்வு நன்றாகத் தணிந்தது. முன்பின் தெரியாதவரின் கையைப் பிடித்தபோதும் கொஞ்சம் தணிந்தது. நாம் ஒருவருக்கொருவர் அந்தத் தெரியாதவரைவிட நெருக்கம்தானே.

இவையெல்லாம் போதாத நேரமும் உண்டு. ஒரு மரணம் வாரக் கணக்கில் கண்ணுக்குள்ளேயே நின்றால், தூக்கம் கெட்டால், வார்டு வாசலில் கால் எடுத்துவைக்க உடம்பு மறுத்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416. இரவிலும் எடுப்பார்கள். பிறருக்குக் கேஸ் ஷீட் எழுதும் நமக்கு, நம் பெயரில் ஒரு கேஸ் ஷீட் திறப்பதில் வெட்கம் எதற்கு?

அந்த இரவுக்குத்தான் மனம் மறுபடியும் போகிறது. அவள் கையிலிருந்த சிரிஞ்சை நான் வாங்கியிருக்க வேண்டும். ஊசியை நான் போட்டுவிட்டு, அவளை டியூட்டி ரூமில் உட்காரவைத்து, கதவைச் சாத்தி, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, “அந்தப் பையன் பேர் என்னம்மா?” என்று கேட்டிருக்க வேண்டும். அவளுக்குத் தெரிந்திருக்கும். அவன் கேஸ் ஷீட்டின் முதல் வரியை எழுதியது அவள்தான்.

அன்புடன்,
உங்கள் அக்கா,
ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருத்தி